மும்பையில் ஒரு வருடத்துக்குப் பருப்பும் பயறும் வாங்கி வைக்க: எங்கே வாங்குவது, எப்படிக் காப்பது

முலுண்டில் இருக்கும் நால்வர் குடும்பத்தின் கேள்வி இது. மாதாமாதம் சில்லறைக் கடையில் பருப்பு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளலாமா, மலிவாக எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். கூடவே ஒரு தகவல்: சென்ற ஆண்டு பத்து பத்து கிலோ வாங்கி வைத்த பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் ஆகஸ்டில் வண்டடித்துப் போயின. துவரம்பருப்புக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கடைசி வரியில்தான் பாதி விடை இருக்கிறது. மும்பையில் மொத்தமாக வாங்கிக் கிலோவுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் மிச்சம் பிடிப்பது பெரிய காரியமில்லை. அந்த மிச்சத்தை ஜூன் முதல் அக்டோபர் வரை கைவிடாமல் காப்பதுதான் வேலை. அதனால் எத்தனை மூட்டை என்று முடிவு செய்யும் முன், எந்தப் பருப்பை எதில் அடைத்து வைக்கப்போகிறோம் என்று முடிவு செய்துவிடுங்கள். அடைக்கப் பாத்திரம் இல்லாமல் வாங்கும் மூட்டை எவ்வளவு மலிவானாலும் நஷ்டம்தான்.

முதலில் வண்டு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வோம். பயறு வண்டு வெளியிலிருந்து பறந்து வந்து டப்பாவுக்குள் நுழைவதைவிட, பயறோடு சேர்ந்தே வீட்டுக்கு வருவதுதான் அதிகம். வயலில் காய் முற்றும்போதே பெண் வண்டு வந்து முட்டையிடத் தொடங்கிவிடும். கடையில் கையில் அள்ளிப் பார்க்கும்போது பூச்சி ஒன்றும் தெரியாது. ஒரு பச்சைப்பயறை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள். தோல்மேல் குண்டூசி முனை அளவில் ஒரு சின்னப் பொட்டு ஒட்டியிருந்தால் அதுதான் முட்டை. பொட்டு கண்ணாடிபோல் இருந்தால் இன்னும் பொரியவில்லை. சுண்ணாம்பு வைத்ததுபோல் வெள்ளையாக இருந்தால் பொரிந்து, புழு பயறுக்குள் போய்விட்டது. அது குடைந்து தள்ளிய தூள் முட்டை ஓட்டுக்குள் நிறைவதால்தான் அந்த வெள்ளை. பிறகு உள்ளேயே வளர்ந்து, தோலுக்கு அடியில் வட்டமாக ஒரு சன்னல்போல் அரித்து வைத்து, வண்டாகி அதை முட்டித் திறந்துகொண்டு வெளியே வரும். மும்பை வெப்பத்தில் இவ்வளவும் நாலு வாரத்துக்குள் நடந்துவிடும். ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடும். ஜூனில் பத்துப் பயறில் இருந்த புழு ஆகஸ்டில் டப்பா முழுக்கத் துளையாக்குவது இப்படித்தான்.

இந்த வண்டுக்கு முழுப் பயறுதான் வேண்டும். உடைத்துத் தோல் நீக்கிய பருப்பில் அதற்கு வளரச் சரியாக இடம் கிடைக்காது. துவரம்பருப்பு தப்பித்து, பயறும் கடலையும் போனதற்குக் காரணம் இதுதான். பயறு வகைகளை உடைத்துப் பருப்பாக்கிச் சேமியுங்கள் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகங்கள் சொல்வதும் இதனால்தான். ஆனால் பருப்புக்கு வேறு எதிரிகள் உண்டு. உடைந்த நொய்யும் மாவும் கலந்திருந்தால் மாவுவண்டும் அந்தும் வரும். ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும். தோல் இல்லாததால் நிறமும் மணமும் முழுப் பயறைவிடச் சீக்கிரம் மங்கும். ஆக, பூச்சிக்குத் தப்பப் பருப்பு நல்லது, நீண்ட நாள் வைக்க முழுப் பயறு நல்லது. காற்றுப் புகாமல் அடைக்க முடிந்தால் முழுப் பயறு வாங்குங்கள். முடியாவிட்டால் பருப்போடு நில்லுங்கள்.

இப்போது எங்கே வாங்குவது என்று பார்ப்போம். பெரிய சந்தை நவி மும்பையில் வாஷி ஏ.பி.எம்.சி. (வேளாண் விளைபொருள் விற்பனைக் குழு) வளாகத்தின் தானியச் சந்தை. மசூதி பந்தர் பகுதியில் இருந்த பழைய தானியச் சந்தையின் பெயரோடு இதை இன்றும் தாணா பந்தர் என்றே சொல்கிறார்கள். இங்கே 30 கிலோ, 50 கிலோ மூட்டைதான் பேச்சு. அஞ்சு கிலோ கேட்டால் பலர் தலையசைத்து அனுப்பிவிடுவார்கள். லாத்தூர், அகோலா, ஜள்காவ், நாக்பூர் மில்களின் பருப்பு நேராக வந்து இறங்கும் இடம் என்பதால் விலையும் தரமும் கடைக்குக் கடை ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

ஆனால் தனி ஒரு குடும்பம் இதற்காக வாஷி போவது பெரும்பாலும் கணக்குக்கு ஒத்துவராது. சில்லறையில் கிலோ 130, மூட்டையில் 115 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கிலோவுக்கு 450 ரூபாய் மிச்சம். மாத்தாடி எனப்படும் சுமைத் தொழிலாளர்களின் ஏற்றுக்கூலியும் முலுண்டு வரை வண்டி வாடகையும் கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்காது. நாலைந்து குடும்பம் சேர்ந்து துவரை இரண்டு மூட்டை, கடலைப்பருப்பு ஒன்று, பாசிப்பருப்பு ஒன்று, மசூர் (மைசூர்ப் பருப்பு) ஒன்று என்று ஒரே டெம்போவில் எடுத்தால்தான் வாஷி லாபம். ஒரே சொசைட்டியில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தால் இது நடக்கிற காரியமே. பிரித்துக்கொள்ளும்போது நல்ல தராசு ஒன்று வேண்டும். மனக்கசப்பு அங்கேதான் வரும்.

மூட்டை வாங்குவதில் இன்னொரு சின்ன லாபம் உண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் பருப்புக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேற்பட்ட எடைக்கு இல்லை. கடையில் உங்கள் முன் அள்ளிப்போட்டு நிறுத்துத் தரும் பருப்புக்கும் இல்லை. 26 கிலோ, 30 கிலோ என்று விசித்திரமான எடையில் மூட்டைகள் வருவதன் ரகசியம் இதுதான். லேபிள் ஒட்டிய பாக்கெட்டையும் உதிரியையும் ஒப்பிடும்போது இந்த ஐந்து சதவீதத்தை நினைவில் வையுங்கள்.

வாஷி வேண்டாம் என்றால், ஒரு கிலோ விலையில் டி-மார்ட்டை அடிப்பது கடினம். அங்கே துவரை, கடலைப்பருப்பு, மசூர் வாங்குவது சரி. உருட்டு உளுந்து, கொள்ளு, காராமணி, மொச்சை போன்ற நம் வீட்டுச் சாமானுக்கு மாட்டுங்கா, செம்பூர், தாராவி 90 அடி ரோடு பக்கமுள்ள தமிழ், மலையாளக் கடைகளில் சரக்கு வேகமாகப் புரளும். வேகமாகப் புரளும் கடை என்பதே ஒரு தர உத்தரவாதம். மூலைக்கடையில் ஆறு மாதம் கிடந்த கொள்ளை ரெண்டு ரூபாய் குறைவு என்று வாங்காதீர்கள். பெயர் தெரிந்திருந்தால் மராத்தி, குஜராத்திக் கடைகளிலும் நல்ல சரக்கு கிடைக்கும்: காராமணி சவ்ளி, கொள்ளு குளித், நரிப்பயறு மட்கி, முழு வெள்ளை உளுந்து உடித் கோட்டா, தோல் நீக்கிய பாசிப்பருப்பு மூங் மோகர். கொங்கண வீடுகளில் கொள்ளு மாவில் பிட்டி கிண்டுவார்கள் என்பதால் மால்வணி சாமான் விற்கும் கடைகளில் கொள்ளு எப்போதும் புதிதாக இருக்கும்.

மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கிய பாரத் தால் கடலைப்பருப்பும் ஒரு வழி. தொடக்க விலை ஒரு கிலோ பையில் 60 ரூபாய், 30 கிலோ பையில் கிலோ 55 ரூபாய். பிறகு விலை மாறியது. விற்பனை விட்டு விட்டு நடப்பதால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். கண்ணில் பட்டால் வாங்குங்கள்.

துவரம்பருப்பு மலிவா இல்லையா என்று கணக்குப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 100 கிலோ முழுத் துவரையை உடைத்தால் 70 முதல் 75 கிலோ பருப்பு கிடைக்கும். மீதி தோல், நொய், தவிடு. 2025-26 பருவத்துக்குத் துவரைக்கு அரசு நிர்ணயித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,000 ரூபாய், அதாவது கிலோ 80. அந்த விலைக்கு வாங்கி உடைத்தாலே பருப்பின் அடக்கம் 107 முதல் 114 வரை வந்துவிடும். அரவைக் கூலி, வண்டி, லாபம் எல்லாம் தனி. ஆக, நல்ல துவரம்பருப்பு இதற்கு அருகிலோ கீழேயோ கிடைத்தால் அந்த வருடம் மலிவு; தாராளமாக எடுக்கலாம். இதைவிட மிகக் குறைவாக யாராவது தந்தால், அது பழைய இருப்பா, மியான்மரிலிருந்து வரும் லெமன் ரகமா, மொசாம்பிக், தான்சானியா சரக்கா என்று கேளுங்கள். இறக்குமதிச் சரக்கு கெட்டதில்லை. சமைத்துப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். பருப்பு விலை எவ்வளவு தூரம் ஆடும் என்பதற்கு 2015 அக்டோபர் சாட்சி. அப்போது பல நகரங்களில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. வீட்டில் ஆறு மாத இருப்பு இருந்தால் அப்படிப்பட்ட காலத்தில் வாங்காமல் ஒதுங்கி நிற்க முடியும்.

எப்போது வாங்குவது என்பதும் முக்கியம். துவரை அறுவடை டிசம்பர், ஜனவரியில். மில்லில் உடைந்து புதுப்பருப்பு ஜனவரி கடைசியிலிருந்து வரத்து. கொண்டைக்கடலை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. பாசிப்பயறும் உளுந்தும் பெரும்பாலும் செப்டம்பர் முதல் நவம்பர். துவரை, கடலை வகைகளை மார்ச்சிலிருந்து மே முதல் பாதிக்குள் வாங்கி, வெயிலில் காயவைத்து, மழை வருமுன் அடைத்துவிட வேண்டும். மும்பையில் பருவமழை தொடங்கும் சராசரித் தேதி ஜூன் 11, விலகுவது அக்டோபர் 8. மே 31-ஐ உங்கள் கடைசித் தேதியாக வைத்துக்கொள்ளுங்கள். மராத்தி வீடுகளில் வருடத் தானியத்தைக் கோடையில் வாங்கி நிரப்பும் பழக்கம் இந்தக் கணக்கில் வந்ததுதான். மழைக்காலத்தில் சலுகை விலை என்று பார்த்து மூட்டை எடுப்பது கூடவே கூடாது. காயவைக்கவும் வழியில்லை, ஈரத்தோடுதான் அடைப்பீர்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை சில. மூட்டையின் வாயில் இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் குத்தூசியால் எடுக்கச் சொல்லுங்கள். இங்கே அதைப் பர்கி என்பார்கள். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தால் பசபசப்பு தெரிந்தால் எண்ணெய் தடவிய பருப்பு. விளக்கெண்ணெய் தடவிய துவரை மும்பையிலும் குஜராத்திலும் சகஜம். அது கெடுதலில்லை, ஆனால் எடையில் எண்ணெயும் சேரும், சமைக்கும் முன் வெந்நீரில் கழுவ வேண்டும். வருடக்கணக்கில் அடைத்து வைக்க எண்ணெய் தடவாததையே கேளுங்கள். எண்ணெய் சிக்குப் பிடித்துவிடும். பருப்பைப் பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று இரண்டாக உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம். மூக்கில் வைத்து முகருங்கள். புழுங்கின வாசனையோ மக்கல் வாசனையோ வந்தால் விலை கேட்கவே வேண்டாம். பூஞ்சணம் விட்ட நஞ்சு வெயிலிலும் போகாது, குக்கரிலும் போகாது.

ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பருப்பைப் போடுங்கள். உடனே தண்ணீர் பளிச்சென்று மஞ்சளானால் நிறம் ஏற்றியது. துவரையில் கேசரிப் பருப்பு கலந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். துவரை இரண்டு பக்கமும் உருண்டையாக இருக்கும். கேசரி ஒரு பக்கம் சரிவாக, மழுங்கிய கோடரித் தலைபோல் மூலை தெரிய இருக்கும். விதர்ப்பாவில் லாக், லாகோடி என்ற பெயரில் விற்பது அதுதான். தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் கால் முடங்கும் நோய் வரும் என்று பழிபெற்ற பருப்பு அது. தரப் பெயர்களும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. மகாராஷ்டிரத்துத் துவரம்பருப்பில் ஃபட்கா என்பது முதல் தரம். அதற்கு அடுத்தது சவா நம்பர். சாம்பாருக்கு இரண்டாம் தரமே போதும். வெந்து குழைந்த பிறகு வித்தியாசம் தெரியாது. சேமிப்புக்கு மட்டும் நொய் அதிகமாக உள்ள தரத்தை எடுக்காதீர்கள். காபூலிக் கடலையில் 42-44, 58-60 என்று எண் போடுவது ஒரு அவுன்ஸில், அதாவது சுமார் 28 கிராமில், எத்தனை கடலை நிற்கும் என்ற கணக்கு. எண் கூடினால் கடலை சின்னது, விலையும் குறைவு. சுண்டலுக்கும் சென்னாவுக்கும் சின்னதே போதும்.

மூட்டைக்குப் பணம் கொடுக்கும் முன் கால் கிலோ வாங்கிவந்து வேகவைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரில், உங்கள் குக்கரில். மாநகராட்சியின் ஏரித் தண்ணீர் மென்மையானது. டேங்கரிலோ போர்வெல்லிலோ வரும் தண்ணீர் கடினமாக இருந்தால் நல்ல பருப்பும் வேகாது. மூன்று நாலு விசிலில் மலராத பருப்பு ஒரு வருடம் கழித்து இன்னும் அடம் பிடிக்கும்.

எவ்வளவு வாங்குவது? 2024-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) உணவு வழிகாட்டி நாளொன்றுக்கு ஒருவருக்கு 85 கிராம் பருப்பு, பயறு வகை சொல்கிறது. நால்வருக்கு மாதம் 10 கிலோ. நம் வீடுகளில் உண்மையில் ஆவது ஐந்தாறு கிலோதான். வருடத்துக்குச் சுமார் 70 கிலோ என்று வைத்துக்கொண்டால், துவரை 24, கொண்டைக்கடலை 8, உளுந்து 8, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு, மசூர், பச்சைப்பயறு தலா 6, காராமணி 4, கொள்ளு 3 என்று பிரிக்கலாம். சாம்பாருக்கு மூன்றில் ஒரு பங்கு மசூர் சேர்த்தால் செலவு குறையும். பெரும்பாலும் அது துவரையைவிட மலிவு, கொண்டைக்கடலையும் மட்கியும் அப்படியே. முதல் வருடம் இதில் பாதி மட்டும் வாங்குங்கள்.

உளுந்தை மட்டும் வருடத்துக்கு வாங்காதீர்கள். பழைய உளுந்தில் மாவு காணாது. அரைத்தால் பொங்காமல் அடங்கிக் கிடக்கும், இட்லி கல்லாகும். மூன்று நாலு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். மேலே சொன்ன 8 கிலோ என்பது ஒரு தவணைக் கணக்கல்ல. இரண்டு மூன்று தடவையாக வாங்க வேண்டியது. அதேபோல் கடலைமாவைச் சேமிக்காதீர்கள், கடலைப்பருப்பாக வைத்துத் தேவைக்கு அரையுங்கள். பொட்டுக்கடலைக்கும் ஆயுள் குறைவு. சோயா பீன்ஸில் எண்ணெய் சத்து அதிகம், சிக்கு வாடை வந்துவிடும். கொழுப்பு நீக்கிய மீல்மேக்கர் அதைவிட நாள் தாங்கும்.

இனி வேலை. வாங்கிவந்ததைச் சலித்து, புடைத்து, நொய்யும் தூசும் போக்குங்கள். இதைச் சோம்பல்பட்டு விடக்கூடாது. மாவுவண்டுக்கும் அந்துக்கும் சோறு அந்த நொய்தான். பிறகு ஏப்ரல், மே வெயிலில் மாடியிலோ பால்கனியிலோ கறுப்புத் துணிமேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஓரத்தில் கல் வையுங்கள். உள்ளே வெப்பம் 50 டிகிரிக்கு மேல் ஏறும். முட்டையும் புழுவும் சாகும். நடுநடுவே தாளைத் தூக்கி ஈரத்தை வெளியே விட்டுக் கிளறிவிடுங்கள். காலை 11 முதல் 3 வரை, இரண்டு நாள். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு அடைக்காதீர்கள். டப்பா குளிரும்போது உள்ளே வியர்த்து, மூடியடியில் முத்து முத்தாக நீர் கட்டும். மேல் அடுக்கு அப்படியே பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் துணியால் மூடி ஆறவிட்டு, மாலை ஈரக்காற்று வருமுன் அடையுங்கள்.

வெயில் வராத பிளாட் என்றால் பிரீசர். ஒன்றிரண்டு கிலோவாகக் கெட்டியான பையில் இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி வரை குளிரும் பிரீசரில் நாலு நாள். ஒற்றைக் கதவு பிரிட்ஜின் மேல் அறை அவ்வளவு குளிராது, ஒரு வாரம் விடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு பகல் முழுக்க அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். உடனே திறந்தால் காற்றின் ஈரம் முழுக்கப் பருப்பில் படியும்.

ஈரம் போதுமான அளவு குறைந்ததா என்று தெரிய ஒரு வழி உண்டு. காய்ந்த உப்போடு சேர்த்துக் கண்ணாடி ஜாடியில் குலுக்கும் பழைய சோதனை, ஈரம் 15 சதவீதத்துக்கு மேலா என்று மட்டும் காட்டும். நமக்கு வேண்டியது 10 சதவீதம் அல்லது அதற்குக் கீழே. அதனால் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கி, ஜாடி முக்கால்வாசி பருப்போடு உள்ளே வைத்து இறுக மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் ஒரு வருடச் சேமிப்புக்குச் சரி. பல வருடம் என்றால் 50-ஐ ஒட்டி வர வேண்டும். 60-ஐத் தாண்டினால் இன்னொரு நாள் வெயில். ஈரம் அதிகமுள்ள பருப்பைக் காற்றில்லாமல் அடைப்பது திறந்து வைப்பதைவிட ஆபத்து.

பாத்திரத்தைப் பொறுத்தவரை விதி ஒன்றுதான்: ஒரு பாத்திரம் திறந்தால் மூன்று நாலு வாரத்தில் தீர வேண்டும். இருபது லிட்டர் டிரம்மில் போட்டு வாரம் ஒருமுறை திறந்தால் ஆகஸ்டுக் காற்று முழுக்க உள்ளே போகும். மலிவான வழி, நன்றாகக் கழுவிக் காயவைத்த 2 லிட்டர் தண்ணீர் பாட்டில்கள். ஒன்றில் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் பருப்பு பிடிக்கும். குளிர்பானம் இருந்தது என்றால் வாசனை போகும்வரை கழுவுங்கள். கழுத்துவரை தட்டித் தட்டி நிரப்பி இறுக மூடுங்கள். நிரம்பிய, காற்றுப் புகாத பாத்திரத்தில் மிச்சமிருக்கும் புழுவே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு வளர முடியாமல் சாகும். ஆப்பிரிக்காவில் காராமணி உழவர்களுக்காகப் பர்டியூ பல்கலைக்கழகம் உருவாக்கிய மூன்றடுக்குப் பையும் இந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறது. பாதி காலியான பாட்டிலில் இது நடக்காது.

ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் போட்டால் இன்னும் உறுதி. அளவை இப்படிப் பாருங்கள்: பயறு நிரம்பிய பாத்திரத்தில் சுமார் 40 சதவீதம் காற்று. 2 லிட்டரில் 800 மில்லி காற்று, அதில் 21 சதவீதம் ஆக்சிஜன், அதாவது 170 மில்லி. 300 சி.சி. பொட்டலம் ஒன்று தாராளம் (சி.சி. என்பது மில்லிதான்). 20 லிட்டருக்கு 2,000 முதல் 2,500 சி.சி. வேண்டும். வருடக்கணக்கில் வைப்பதற்கு அலுமினியத் தாள் பூசிய கனமான மைலார் பையே நல்லது. வாயை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டலாம். சாதாரண பிளாஸ்டிக் டிரம் வழியாக ஆக்சிஜன் மெல்ல உள்ளே வந்துகொண்டே இருக்கும். பொட்டலத்தின் உறையைத் திறந்தால் கால் மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் போட்டு முடித்து, மிச்சத்தைச் சின்னக் கண்ணாடி ஜாடியில் இறுக மூடி வையுங்கள். கூட வரும் குறிப்பு வில்லை நீலமாகியிருந்தால் அந்தக் கட்டு செத்துவிட்டது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையை இதன் பக்கத்தில் போடாதீர்கள். ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலத்திலுள்ள இரும்புத்தூள் வேலை செய்யக் கொஞ்சம் ஈரம் வேண்டும். மறுநாள் பை செங்கல்போல் இறுகாவிட்டாலும் பயப்பட வேண்டாம். காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன், அது உள்ளேயே இருக்கும். ஆனால் பை கொஞ்சம்கூட ஒட்டாமல் உப்பிக் கிடந்தால் எங்கோ ஓட்டை.

இதெல்லாம் வேண்டாம், நம் வழக்கப்படி செய்யலாமா என்றால், முழுப் பயறுக்கு எண்ணெய் தடவுவது வேலை செய்யும். கிலோவுக்கு 5 மில்லி விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டு, ஒவ்வொரு பயறிலும் படும்படி கையால் பிசிறுங்கள். வழவழப்பில் முட்டை ஒட்டாது, ஒட்டினாலும் மூச்சடைக்கும். ஏற்கெனவே உள்ளே போன புழுவை இது ஒன்றும் செய்யாது. எனவே முதலில் வெயில், பிறகு எண்ணெய். ஆறு மாதம் தாங்கும். வசம்பு, காய்ந்த வேப்பிலை, வற்றல் மிளகாய் கொஞ்சம் துணை செய்யும், அவ்வளவுதான். பச்சை வேப்பிலை போட்டால் ஈரம்தான் சேரும்.

செய்யவே கூடாதவை மூன்று. போரிக் பவுடர் பிசிறுவது: உணவில் அதற்கு அனுமதி இல்லை, கழுவினாலும் முழுக்கப் போகாது. பாரத் மாத்திரை என்று மளிகைக் கடையில் கேட்டாலே எடுத்துத் தரும் வெள்ளி நிற வில்லைகள்: இங்கே பாரத் என்பது நாட்டின் பெயரல்ல, பாதரசம்; சாப்பாட்டுப் பாத்திரத்தில் அதற்கு வேலையில்லை. அலுமினியம் பாஸ்பைடு வில்லை: கிடங்குக்காரர்கள் பயன்படுத்துவது, காற்றுப்பட்டால் பாஸ்பீன் வாயு விடும். மூடிய வீட்டில் தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும். யார் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பாட்டில்களை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மும்பை மழையில் அந்தச் சுவர் வியர்க்கும். அடுப்பு மேலே உள்ள பரணும் வேண்டாம். வீட்டிலேயே சூடான இடம் அது. கட்டிலுக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு பலகை உயரத்தில், உள்சுவர்ப் பக்கம் வையுங்கள். எலி வரும் வீடென்றால் பாட்டில்களைத் தகரப் பெட்டிக்குள் அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் வாங்கிய மாதம் எழுதி, பழையதை முன்னே வையுங்கள். காற்றில்லாமல் அடைத்த பின்டோ பீன்ஸ் முப்பது வருடம் கழித்தும் உண்ணத்தக்கதாக இருந்ததாக அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது. அந்த எண்ணை 30 டிகிரி வெப்பமுள்ள மும்பை பிளாட்டுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். பருப்புக்கு ஒரு வருடம், நன்றாக அடைத்த முழுப் பயறுக்கு இரண்டு மூன்று வருடம் என்று திட்டமிடுங்கள். அதற்கு மேல் சத்து ஓரளவு நிற்கும், ஆனால் வேகாது.

வேகாமல் போவதற்குக் காரணம் வெப்பமும் ஈரமும். அவற்றால் பயறின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசை கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைந்து இறுகிவிடுகிறது. அப்படிப்பட்ட பயறை லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் உப்புப் போட்ட நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, நீரை வடித்து, புது நீரில் 200 கிராமுக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்து வேகவையுங்கள். சோடா கூடினால் வழவழவென்று சோப்பு ருசி வரும், தயாமின் சத்தும் போகும். ராஜ்மாவை மட்டும், புதிதோ பழையதோ, ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து நீரைக் கொட்டிவிட்டு, கொதிநிலையில் அரை மணி நேரமாவது கொதிக்கவிட வேண்டும். குக்கரில் வைத்தால் கவலையில்லை. மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் நேராகப் போட்டால் அதிலுள்ள நச்சுப்புரதம் அழியாமல் நின்று வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.